எண்ணூறு மீட்டருக்கு ஒரு தோட்டா

வாலிநோக்கம் உப்பளத்துக்கு மேற்கே
சீமைக்கருவேலம் வெட்டிய பொட்டலில்
எண்ணூறு மீட்டர் தள்ளி ஒரு காகிதம் நிற்கிறது.
இடையில் மூன்று கம்புகளில் சிவப்புத் துணி.
முதல் துணி கச்சான் என்கிறது.
இரண்டாவது, இல்லை சோழகம் என்கிறது.
மூன்றாவது தூங்குகிறது.

ஆயுதக்கிடங்கு வழிவிட்டான் சார்
மூன்று டப்பாவைச் சாக்கின் மேல் வைத்தார்.
"மாநிலப் போட்டிக்கு எதுன்னு நீயே எழுதிக் குடு செலினா.
காரணமும் எழுதணும்.
ஆடிட்டுக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணும்."

முந்நூறு மேக்னத்தை முதலில் எடுத்தேன்.
தோளில் மாடு முட்டியது.
பதினோராவது குண்டுக்கு விசையைத் தொடும் முன்பே
என் கண் தானாக மூடிக்கொண்டது.
எங்கே போனதென்று மண்மேட்டைத்தான் கேட்க வேண்டும்.
டப்பாவை மூடினேன்.

முந்நூற்றெட்டு, பழகின வண்டி.
குழல் ஐயாயிரம் தாங்கும். விலை மலிவு.
எந்தக் கிடங்கிலும் ஒரு பெட்டி இருக்கும்.
ஆனால் சைக்கிள் வேகத்தில் ஒரு குறுக்குக் காற்று வந்தால்
காகிதத்தைப் போய்ச் சேர்வதற்குள்
ஓர் ஆள் நீளம் விலகிவிடுகிறது.

ஆறரை ஒல்லி.
முரல் மீனுக்கு இருப்பது மாதிரி மூக்கு.
அதே காற்றில் அதற்கு விலகல் மார்பளவுதான்.
என்ன, குழலைத் தின்றுவிடும்:
இரண்டாயிரத்தைந்நூறில் புதுக்குழல் கேட்கும்.

பத்துப் பத்தாகச் சுட்டு வேகம் குறித்தேன்.
தோட்டாக்களை ஈரச்சாக்குக்கு அடியில் வைத்திருந்தேன்;
இந்த ஊர் வெயிலில் மருந்துக்கும் கோபம் ஏறும்.
முந்நூற்றெட்டில் முந்தியதற்கும் பிந்தியதற்கும்
நொடிக்குப் பதினெட்டு மீட்டர் வித்தியாசம்.
ஆறரையில் ஆறு.
காற்றையாவது துணியைப் பார்த்துக் கணக்குப் போடலாம்.
ஒரே டப்பாவுக்குள் ஒத்துப்போகாததுகளை
வைத்துக்கொண்டு என்ன செய்ய?

படிவத்தில் ஆறரை என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்:
காற்றுக்குக் குறைவாக வளையும்.

சனிக்கிழமை பாம்பனுக்குப் போனேன்.
அப்பா படகில் டீசல் வாளியோடு நின்றார்.
வீல்ஹவுஸ் பலகையில், அவர் காதுக்கு நேரே,
பதினோரு வருஷமாக ஓர் ஓட்டை.
மழைக்கு மட்டும் சோப்புத் துண்டு வைத்து அடைப்பார்.
அன்று சோப்பு இல்லை.
சாவிக்கொத்தில் தொங்கும் மருந்தில்லாத முந்நூற்றெட்டை
ஏன் அதில் நுழைத்தேன் என்று தெரியவில்லை.
கழுத்துவரை போய் நின்றது.

"யாரோடதுன்னு தெரியுதா?" என்றார்.
ஏழு புள்ளி அறுபத்திரண்டு.
உலகத்தில் பாதித் துப்பாக்கிக்கு இதே அளவு.
ஓட்டைக்குப் பெயர் கிடையாது அப்பா.

அவர் வாளியைக் கீழே வைத்தார்.
"நீ எவ்வளவு தூரம் சுடுற?"
எண்ணூறு மீட்டர் என்றேன்.
உதட்டுக்குள் பாகத்துக்கு மாற்றினார்.
நானூற்று முப்பத்தேழு.
"ஒரு வலை விரிக்கிற தூரம். அங்கயிருந்து ஆள் தெரியுமா?"

தெரியும்.
தொலைநோக்கி வழியே சட்டை நிறம் தெரியும்.
குனிகிறவன், நிமிர்கிறவன் தெரியும்.
பீடி பிடித்தால் புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று தெரியும்;
நாங்கள் அதை வைத்துத்தான் காற்றை எண்ணுவோம்
என்று சொல்லிக்கொண்டே போனவள்
பாதியில் நிறுத்தினேன்.

அப்பா என் சாவிக்கொத்தை ஓட்டையிலிருந்து உருவி
துடைத்து
என்னிடம் கொடுத்தார்.

"அன்னைக்கு நான் பீடி பத்த வச்சிருந்தேன்" என்றார்.
பிறகு வாளியை எடுத்துக்கொண்டு,

"காத்தே இல்ல."