லைன் இல்லை

பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை,
ஒரு ஆள் அகலம்.
ரீலோட், போட்டோக் கொப்பி, காசு அனுப்புதல்.
மழை நாளில் குடையும் விற்பேன்.
மத்தியானத்தில் வாசலுக்கு மான்கள் வரும்.
கோட்டைக்குள் நிற்கவேண்டியவை
ரோட்டில் பழகிவிட்டன.
யார் கை நீட்டினாலும் மூக்கை நீட்டும்;
வாழைப்பழத் தோலா, வெறும் கையா
என்று பார்ப்பதில்லை.

நேற்று இரண்டரை மணிக்கு
கிண்ணியா பஸ்ஸால் இறங்கி நேரே வந்தாள் ஹுமைசா.
பெயர் பிறகுதான் தெரியும்.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.
சீட்டு எடுத்த காசு,
ரப்பர் வளையம் கழற்றாத கட்டு,
மேசையில் வைத்தாள்.
நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு.

"இந்த நம்பருக்குப் போடுங்க, கெதியா."
"ஆருக்கு?"
கண்ணால் போனைக் காட்டினாள்.
கேட்கக்கூடாதாம். போனை வைக்கவும் கூடாதாம்.
கத்தாரிலிருந்து புருஷன் அனுப்பிய பெட்டி
கட்டுநாயக்காவில் பிடிபட்டுக் கிடக்கிறதாம்,
மூன்று மணிக்குள் கட்டாவிட்டால் பொலிஸாம்.
காதிலிருந்து கசிந்த அந்தக் குரலை
நானும் கேட்டேன்.
வடிவான தமிழ்.
கோபமே இல்லாத தமிழ்.

எனக்கு அது பழைய ஆள்.
போன ஆவணியில், ஒரு சனிக்கிழமை,
வங்கியிலிருந்து என்று சொல்லி எடுத்தான்.
அப்பாவின் முதலெழுத்தோடு
என் முழுப் பெயரும் சொன்னான்.
பிறகு ஆறு இலக்கம் வந்தது.
வாசித்துக் காட்டச் சொன்னான்.
நானும் முன்வாங்குப் பிள்ளை போல
முழுதாக வாசித்தேன்:
இலக்கத்தை, அதற்குக் கீழே
'இதை எவருக்கும் சொல்லவேண்டாம்' என்றிருந்த வரியையும்.
"சரியாச் சொன்னீங்க அண்ணா" என்றான்.

அறுபத்தெட்டாயிரம்.
ஃபிரிட்ஜ் இந்த வருஷம் வேண்டாம் என்று
வீட்டில் சொன்னேன்.
ஏன் என்று சொல்லவில்லை.
காசு அனுப்புகிற கடைக்காரனே ஏமாந்தான் என்றால்
அடுத்த நாள் யார் வருவார்?

இவளிடம் எப்படிச் சொல்வது?
அவன் அவள் காதுக்குள் இருக்கிறான்,
நான் மேசைக்கு அந்தப்பக்கம்.
"லைன் இல்லை" என்றேன்.
பொய். நாலு கோடும் பளிச்சென்று நின்றன.
"வேற கடைக்குப் போங்க" என்றது போன்.
அவள் கட்டைத் தூக்கிவிட்டாள்.

ரீலோட் துண்டைக் கிழித்து எழுதினேன்:
'வெட்டுங்க. புருஷனுக்கு எடுங்க.
உங்களிட்ட இருக்கிற அவரின் நம்பருக்கு.
இவன் தந்ததுக்கு இல்லை.'
உதடு அசையாமல் வாசித்தாள்.
போன் கேட்டது: "பக்கத்தில ஆர்?"
அவள் சொன்னாள்:
"ஒருத்தரும் இல்ல. மான்."

வெட்டினாள்.

கத்தாரில் சாப்பாட்டு நேரம்.
ஏழாவது மணியில் எடுத்தார், வாயில் சோற்றோடு.
"என்ன பெட்டி?"
அவ்வளவுதான்.

அழுவாள் என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.
அழவில்லை. என்னை முறைத்தாள்,
லைன் இருக்குதே என்பதுபோல.
அதற்குள் போன் மறுபடி அதிர்ந்தது.
நண்டாகப் பக்கவாட்டில் ஊர்ந்து
பசைப் போத்தலில் முட்டி நின்றது.
அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்த நம்பர எழுதித் தாங்க, பொலிசுக்கு."
எழுதினேன்.
கை நிற்கவில்லை; அதற்குக் கீழே
ஆவணியில் வந்த நம்பரையும் எழுதினேன்.
"இது ஆர்ட?"
"அதுவும் அவங்கடதான்."
அவள் மேலே கேட்கவில்லை.
வாய்விட்டு நான் சொன்னது
இதுதான் முதல் தரம்.

பிறகு ரப்பரைக் கழற்றி
என் கண்ணுக்கு முன்னாலேயே காசை எண்ணினாள்.
ரப்பரைப் போட்டாள்.
மறுபடி கழற்றினாள்,
முதல் தாளிலிருந்து திரும்ப எண்ணினாள்,
ஒவ்வொன்றுக்கும் இடையில் என் கையைப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் வரவில்லை.
எண்ணட்டும்.