மீட்டர் கண்ணாடி

ரீகாவில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
முதலில் போன், பிறகு லேப்டாப், அப்புறம் கிளவுட்.
"எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கவா?"
ஆம் என்கிறாள் விஸ்மா.
யூர்மலா மணலில் இல்மார்ஸ்,
புகைபோட்ட மீனோடு இல்மார்ஸ்,
வாய் பிளந்து தூங்கும் இல்மார்ஸ்
(இதற்கு மட்டும் கொஞ்சம் நேரமெடுத்தது).
முப்பது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்குமாம்.
அதையும் கொட்டினாள்.
பதினோரு ஜிபி காலி.

மிஞ்சியவை
ரசீதுகள், கடைவாய்ப் பல்லின் எக்ஸ்ரே,
மாதாமாதம் அளவு அனுப்ப எடுத்த
தண்ணீர் மீட்டர்.

இன்று இருபத்தைந்தாம் தேதி.
போன மாதக் கணக்கை
இரு விரலால் விரிக்கிறாள்.
00412.
எண்களுக்கு மேலே, கண்ணாடியில்,
டார்ச் பிடித்துக் குனிந்திருக்கும்
ஒரு காது,
அரைக் கன்னம்.

எழுந்துபோய்
மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து
கழிக்கிறாள்.

இந்த மாதம்
பாதிகூட ஆகவில்லை தண்ணீர்.