சரக்கின் தன்மை

மாட்டுத்தாவணி பார்சல் ஆபீஸில்
முத்திரையின் ‘ழி’ தேய்ந்துபோய்
‘அ  யும் பொருள்’ என்றே ஆறு மாதமாகக்
கோயம்புத்தூர் போகிறது மல்லிகை.
யாரும் கேட்கவில்லை.
சிவப்பு மை தெரிந்தால் போதும்,
முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார் ஒச்சப்பன்.
எழுத்து அவருக்கு எதற்கு.

புதிது செய்ய டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன்.
ரப்பர் ஸ்டாம்ப் ஜெய்லானி
காதிலிருந்து பென்சிலை உருவினார்.
“என்னென்ன போகும் உங்க வண்டியில?”

பூ என்றேன்.
“பூ வாடும்.”
மீன்?
“நாறும்.”
பால் திரியும், குழம்பு ஊசிப்போகும்,
தக்காளி அழுகும், முறுக்கு நமுத்துப்போகும்.
வாழைத்தாருக்கு மட்டும் சற்று யோசித்தார்,
அது கனிந்துதானே கெடுகிறது.
“எல்லாத்துக்கும் சேத்து அழியும்னு போட்டா
வெள்ளத்துல போன ஊரு மாதிரி இருக்கேம்மா.”

எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பள்ளியில் படித்த சொல் ஒன்று உண்டு, நிலையாமை.
நாலே எழுத்து.
ஆனால் அதற்குள் ஓர் ஆமை உட்கார்ந்திருக்கிறது,
நம் எல்லாரையும் அனுப்பிவிட்டுத்தான் போகும் போல.

கடைசியில் வாயில் இருந்ததையே எழுதிக் கொடுத்தேன்.
தாங்காது.
அதுவும் நாலுதான்.
சந்தையில் கீரைக்காரி சொல்வது,
கொத்தனார் பழைய சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்வது.
பெரியாஸ்பத்திரியில் ஒரு ராத்திரி
என் மாமியாரின் கண்ணை விரித்துப் பார்த்த டாக்டர்
என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னதும் அதே சொல்.
பதினோரு வருஷம் ஆகிறது.
காபியில் சர்க்கரை பத்தலை என்றார்
இன்று காலை.

புது முத்திரை முதல் அடியில் வழுக்கி
என் மணிக்கட்டில் விழுந்தது.
சோப்பு, தேங்காயெண்ணெய், கொஞ்சம் மண்ணெண்ணெய்.
நாலு நாள் தாங்கியது.

நேற்று மேலூர் இரும்புக்கடைப் பையன்
எங்கோ கிடந்த பூப்பெட்டியில்
மூன்று இஞ்சு ஆணியைக் கட்டிக்கொண்டு வந்தான்.
பெட்டியின் நெற்றியில் ஏற்கெனவே என் முத்திரை.
அடித்துவிடலாம் என்று பேனாவைத் தேடினேன்.
அதற்குள் சிவப்பைப் பார்த்த ஒச்சப்பன்
“என்னடா இது, கல்லா?” என்று முனகியபடி
ஏற்றிவிட்டார்.

மல்லிகைக் கூடைகளுக்கு நடுவில்,
ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு,
அவசரமாகப் போகிறது
ஆணி.