தொண்ணூற்றேழு விழுக்காடு

கூலிமிலிருந்து கடிதம் வந்துவிட்டது.
கிடங்கு நிறைகிறதாம்.
வெள்ளிக்குள் பத்து ஜிபியாவது இறக்காவிட்டால்
புதிய தவணைக்கு ஒரு பாடமும் ஏற்ற முடியாதாம்.
கடிதமும் ஒரு கோப்பாகத்தான் வந்தது,
பெரிய வண்ணச் சின்னத்தோடு, நான்கு எம்பி.

பாடாங் செராயில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
இரண்டு வகுப்பறை, பின்னால் ஒரு பட்டறை:
இதுதான் கல்லூரி.
நான் கணக்கர், வரவேற்பாளர்,
கரண்டு போய் வந்தால் எல்லாவற்றையும்
மறுபடி முடுக்கிவிடுபவள்.
ஆகையால் இணையப் பாடத்தளத்துக்கும் நிர்வாகி.

கீழே செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
ஆலையின் எடைமேடைக்குப் போகின்றன.
உள்ளே போகையில் ஓர் எடை,
கொட்டிவிட்டு வருகையில் ஓர் எடை,
கழித்தால் மிஞ்சுவது பழம்.
எனக்கும் அப்படியொரு மேடை இருந்தால் தேவலை.
கோப்புகளைக் கொட்டிவிட்டு
இவ்வளவுதான் படிப்பு என்று
ரசீது கிழித்துக் கொடுக்கலாம்.

திறந்தேன்.
வயரிங் மூன்று.
வயரிங் மூன்று கடைசி.
வயரிங் மூன்று கடைசி இதைத்தான் பார்க்கவும்.
அமிர்தலிங்கம் சார் ஜொகூர் போய் மூன்று வருடம்.
எது கடைசி என்று கேட்டுப் போன் போட்டேன்.
‘மூணுமே தப்பும்மா,
சரியானது என் பென்டிரைவ்ல இருக்கு.’

மூன்றையும் அழித்தேன். இரண்டு எம்பி.

பிறகு மாணவர் ஒப்படைப்புகள்.
தலைகீழாய்ப் பிடித்த படங்கள், கட்டைவிரல் மறைத்த விடைகள்.
தோட்டத்துக்குள் லைன் கிடைக்காமல்
ஒரே பக்கத்தைப் பதினோரு தடவை அனுப்பிய விக்னராஜ்,
ஒவ்வொன்றின் அடியிலும்
‘வந்துச்சா மிஸ்?’
பத்தை அழித்தேன்.
பதினொன்றாவதின் கீழே,
நான்கு வருடம் கழித்து,
‘வந்துச்சு’ என்று எழுதிவிட்டு
அதையும் அழித்தேன்.

ஆகப் பெரியது ரொஸ்மானின் வெல்டிங் காணொளி.
ஆறு ஜிபி. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.
முள் அசையவில்லை. அதே தொண்ணூற்றேழு.
உதவி மையத்து ஹஸ்னிசா சிரித்தாள்:
‘கக், ஒரே கோப்பை ஏழு பாடத்தில் போட்டாலும்
கிடங்கில் இருப்பது ஒன்றுதான்.
ஏழு பேர் கையைப் பிடித்திருக்கிறார்கள்.
கடைசி ஆள் விட்டால்தான் போகும்.’

ஒவ்வொரு கையாகப் பிரித்தேன்.
ஆறு பாடத்தில் ஒருவருமில்லை, சத்தமில்லாமல் விட்டன.
ஏழாவது, இரண்டாயிரத்து இருபத்தொன்று.
முடிந்த பாடம். மறைக்க மறந்திருக்கிறேன்.
பதிவில் மிச்சம் ஒரே பெயர், தினேஸ்வரி.
தலைக்குமேல் வெல்டிங்கில் தேறாமல் போனவள்.
கடைசி வருகை:
நேற்று, இரவு 2.13.
அதற்கு முந்தின நாளும்.
அதற்கும் முந்தின வாரம் முழுக்க.

என்னதான் இருக்கிறது என்று ஓட்டிப் பார்த்தேன்.
தகரக் கூரையில் மழை, பாதிப் பேச்சு கேட்கவில்லை.
ரொஸ்மான் அண்ணாந்து தீ வைக்கிறார்.
உருகிய துளியொன்று கைச்சட்டைக்குள் விழுகிறது.
துள்ளுகிறார், மலாயில் எதையோ சொல்லித் திட்டுகிறார்,
கேமரா ஆடுகிறது, யாரோ சிரிக்கிறார்கள்,
சட்டையை உதறிவிட்டு
விட்ட இடத்திலிருந்து இல்லை,
முதலிலிருந்து தொடங்குகிறார்.

இப்போது எங்கே வேலை செய்கிறாளோ, படிவத்தில் இல்லை.

வேறு கனமான சரக்கு தேடினேன்.
‘பத்தாம் ஆண்டு விழா, இயக்குநர் உரை, முழுமை.’
பதினோரு ஜிபி.
பார்த்தவர் ஒருவர், இரண்டு தடவை.
அவரேதான்.
நான்கு நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும்,
தேடினால் எடுத்துக்கொள்ளட்டும்.
இன்று திங்கள். வெள்ளிக்கு முள் இறங்கிவிடும்.

திரையை மூடுமுன்
அந்த ஏழாம் பாடத்துக்குப் பக்கத்தில்
‘மறைக்க’ என்றொரு பொத்தான் இருந்தது.
அதை இந்த முறையும் மறந்தேன்.