வெள்ளைக் கோப்பை

பாதியை மே மாதம் எடுத்திருக்கிறார்கள்,
மீதி ஆகஸ்டு கடைசியில்.
அதே சமையலறை, அதே நாற்காலி, அதே நீலச் சட்டை.
"ஒரு வாக்கியம் மே மாசம் தொடங்கி
ஆகஸ்டுல முடியுது, லேலோ.
தையல் தெரியக் கூடாது" என்றான் தானெல்.

தாலினில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
என் அறைக்கு அதனால் ஒன்றுமில்லை,
அதன் சுவர்கள் எப்போதும் சாம்பல்.

முதலில் வெளிச்சம்.
மே மாத ஜன்னல் வெளுத்துக் கிடந்தது,
முக்கால் ஸ்டாப் இறக்கினேன்.
ஆகஸ்டின் நிழலைக் கொஞ்சம் தூக்கியதும்
அடுப்புக்குப் பின்னாலிருந்து
ஒரு பூனை வெளிப்பட்டது.
கறுப்போடு கறுப்பு சேர்ந்தது.
சட்டையோடு சட்டை.

முகம் மட்டும் சேரவில்லை.

ஹில்லார், சாரெமா தீவில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர்.
மே மாதத்தில், சிவந்த கன்னத்தோடு:
"முதல் பெண்டாட்டி விட்டுப் போனது
எஞ்சின் சத்தம் தாங்காம இல்ல..."
ஆகஸ்டில், மஞ்சளாக:
"நான் பாடினதால."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.
எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.
அப்புறம் கேமராக்காரப் பையனைத் திட்டினேன்,
வெள்ளையைச் சரிபார்க்காமல் எடுத்திருக்கிறான் என்று.
நீலத்தை ஏற்றினேன்.
முகம் தேறியது,
மேசையிலிருந்த எனாமல் கோப்பை
விஷம் குடித்ததுபோல் நீலம் பாரித்தது.

ஏற்றியதை இறக்கினேன்.
கோப்பை வெள்ளை. மே மாதத்திலும் வெள்ளை.
அளவுத்திரையில் மூன்று நிறக் கோடுகளும்
ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.
வெளிச்சத்தின் மேல் பிழையில்லை.
கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
விழிவெண்மை இருக்க வேண்டிய இடத்திலும்
அதே மஞ்சள்.

போன் செய்தேன்.
"அவர் எப்படி இருக்கார்?"
கொஞ்ச நேரம் ட்ராம் ஓடும் சத்தம்.
"அக்டோபர் ஒம்பது" என்றான்.
"படத்துல அது வரக் கூடாதுன்னு அவரே சொல்லிட்டுப் போனார்."

முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தேன்,
ஓரங்களை மென்மையாக்கினேன்.
அவர் தலை திரும்பும்போது வட்டமும் திரும்பியது,
சிரித்துக் குனிந்தபோது கூடவே குனிந்தது.
பதினோரு வினாடிகளுக்கு
எந்த டாக்டரும் செய்யாததைச் செய்துகொண்டிருந்தேன்.

வாக்கியம் முடிந்த பின்
கோப்பையை எடுக்க அவர் கை
ஃபிரேமுக்குள் வருகிறது.
வெள்ளை எனாமலைச் சுற்றி ஐந்து மஞ்சள் விரல்கள்.
அதற்கும் ஒரு வட்டம் போடலாம்.
போடவில்லை.
மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தானெல் வந்து மூன்று முறை பார்த்தான்.
தையல் தெரியவில்லை என்றான்.
அப்புறம்,
அந்தப் பூனை எங்கிருந்து வந்தது என்று கேட்டான்.