பதினோராவது கிலோமீட்டர்

வில்பிரெடோ கோபா வண்டியோடு வந்தபோது
ஒருரோவில் மாலை நாலு மணி.
பட்டறைத் தகரத்தை உப்புக்காற்று கடகடக்க வைத்தது.
"பதினோராவது கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது, டோன்யா செவெரினா."
"எப்போதுமா?"
"எப்போதும். சிலுவைக்குப் பக்கத்தில்."
அவன் மைத்துனன் லாரியில் அடிபட்ட இடம்.
எனக்கும் தெரியும்.

ஒரே உதை.
பற்றிக்கொண்டது. சீராக ஓடியது.
நாற்காலியில் சாய்ந்ததும்
பறந்துபோகும் பல்வலி மாதிரி.
அவன் முகம்தான் சுருங்கியது,
பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன்போல.

நான் அவனை நம்பினேன்.
ஆறிய வண்டி யோக்கியமாய்த்தான் இருக்கும்.

முதலில் பெட்ரோல் மூடி.
காற்றுத்துளையில் மண் அடைத்தால்
டேங்க் தன்னையே உறிஞ்சிக்கொள்ளும்,
சொட்டு இறங்காது.
வாய்வைத்து ஊதினேன். வழி இருந்தது.
அப்புறம் வால்வு.
சூட்டில் இரும்பு நீளும்,
இடைவெளி போதாவிட்டால் மூச்சு ஒழுகும்.
அளவுத்தகடு போய் வந்தது, குறை சொல்ல முடியாதபடி.
பிளக்கில் கரி.
இந்த உயரத்தில் எல்லார் பிளக்கிலும் கரிதான்,
காற்றுக்கே பஞ்சமான ஊர்.
அதைத் தெரிந்துகொண்டே
ஜெட்டை ஓரளவு சின்னதாக்கினேன்,
அதற்குக் காசும் வாங்கினேன்.

மறுநாள் மறுபடி அதே இடம்.

பின்பெட்டியில் ஆஸ்பத்திரியின் ரத்தக் குப்பிகள்.
ஐஸ் உருகிச் சட்டகத்தில் வழிந்திருந்தது.
"அவனுக்குத் தாகம்" என்றான் வில்பிரெடோ.
சிலுவையடியில் சாராயம் ஊற்றினான். நின்றது.
கோகா இலை வைத்தான். நின்றது.
ஞாயிற்றுக்கிழமை அக்காவையே கூட்டிப்போனான்.
அவள் அழுதாள். அப்போதும் நின்றது.

திங்களன்று வண்டியை லாரியில் ஏற்றி
மச்சகமார்க்காவில் இறக்கச் சொன்னேன்,
எஞ்சின் ஜில்லென்று இருக்கட்டும்,
அங்கிருந்து ஊரைப் பார்த்து ஓட்டு.

போன் வந்தது.
"நின்றுவிட்டது."
"எத்தனை ஓடியது?"
எண்ணிப் பார்க்கும் மௌனம்.
"பதினொன்று... ஆனால் இங்கே யாரும் சாகவில்லையே.
மூன்று லாமாக்கள் நிற்கின்றன, அவ்வளவுதான்."

அது இடமே இல்லை.
பதினாறு நிமிடச் சூடு.

பக்கத்து அழகு நிலையத்தில்
தலைமுடி உலர்த்தும் கருவியைக் கடன் கேட்டேன்.
நாற்காலியில் ஈரத்தலையோடு ஒருத்தி முறைத்தாள்.
"பத்து நிமிடம்" என்று பொய் சொன்னேன்.
காயிலுக்குச் சூடு காட்டினேன், பொறி குறையவில்லை.
கறுப்புப் பெட்டிக்குக் காட்டினேன், கவலைப்படவில்லை.
பக்கமூடிக்குள் ஒளிந்திருக்கும் பிக்-அப்,
கட்டைவிரல் கனம்கூட இல்லாதது,
அதற்கு இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்று முப்பது.
இருநூற்று எழுபது.
பிறகு மீட்டர் எண்ணையே கைவிட்டது.

உள்ளே எங்கோ மயிரிழைச் செம்பு அறுந்திருக்கிறது.
ஆறினால் முனைகள் தொட்டுக்கொள்ளும்,
சூடேறினால் விலகிக்கொள்ளும்.
வில்பிரெடோவிடம் மீட்டரைக் காட்டினேன்.
இரண்டு தடவை காட்டச் சொன்னான்,
ஊதி ஆறவைத்து, மறுபடி சூடேற்றி.
மூன்றாவது தடவை அவனே பிடித்தான்.

உடைத்துப்போட்ட ஒரு வண்டியிலிருந்து
வேறொன்று கழற்றி மாட்டினேன்.
ஜெட்டுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணாமல் பையில் போட்டான்.

இப்போது சல்லாப்பட்டா வரை நிற்காமல் ஓடுகிறதாம்.
"பதினொன்றில் நான்தான் நிறுத்துகிறேன்" என்றான்,
"எஞ்சினை அணைக்க மாட்டேன்.
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்."
எஞ்சினையா என்று நான் கேட்கவில்லை.

பழைய பிக்-அப் ஆணியில் தொங்குகிறது.
விடிகாலையில், அடுப்பு மூட்டும் முன்,
விரல் விறைக்க மீட்டர் வைத்துப் பார்ப்பேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொரு நாளும்,
சத்தியம் செய்வதுபோல்.