நாற்பத்தொன்று

செந்தூலில் வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள்.
கொமியூட்டர் தண்டவாளத்துக்குப் பின்னால் கடைவரிசை.
எண் பதினாறு, கோழிக்கடை:
சுவரில் சேற்றுக்கோடு நாற்பத்தொரு அங்குலம்.
எண் பதினெட்டு, குணவதி தையலகம்:
நாற்பத்தேழு.

இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர்,
தரையும் ஒரே மட்டம்.
மறுபடி அளந்தேன்.
நாடா இரண்டையும் நம்பியது;
அதற்கு மாமன் மச்சான் கிடையாது.

தண்ணீர் ஆள் பார்த்து ஏறாதே
என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.
மேல்கோட்டில் நான்கு விரல்கள் இழுத்த தடம்.
சுண்டுவிரல் கொஞ்சம் வழுக்கியிருந்தது.

குணவதி மினரல் போத்தலைத் திறந்து நீட்டினார்.
நகக்கண்ணில் சேறு.
இந்த வரிசையில் இன்று
யார் நகத்தில்தான் இல்லை?

நாற்பத்துநான்காவது அங்குலத்தில் ஒரு தட்டு.
தைக்கக் கொடுத்த பட்டு ரவிக்கைகள், பதினொன்று.
வெள்ளம் அவற்றைத் தொடவில்லை.
இரண்டு நாள் பூட்டிக் கிடந்த கடையின் மூச்சு தொட்டிருக்கிறது:
மடிப்புக்கு மடிப்பு பூஞ்சை.
என் படிவத்தில் தண்ணீருக்குக் கட்டம் உண்டு,
புழுக்கத்துக்கு இல்லை.

"இன்சூரன்ஸ்காரங்க நல்லா அளப்பாங்க,"
வாசலில் யாரோ சிரித்தார்கள்.
எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், நடுவில் நில் என்று.
நடு என்றால் மையம், குறித்துக்கொண்டேன்.
நடு என்றால் ஊன்று என்றும் பொருள்;
அதை யாரும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
அதில் நான் இல்லை.
நாளை வேறு யார் வந்து அளந்தாலும் அதுதான்.

பிறகு 'குறிப்பு' என்ற இடம், இரண்டு விரல் அகலம்.
கோடு கையால் உயர்த்தப்பட்டிருக்கிறது
என்று தொடங்கினால் கோப்பு அங்கேயே மூடும்.
துணிகள் ஈரக்காற்றில் கெட்டுவிட்டன
என்று தொடங்கினால் யாராவது அடுத்த வரியையும் படிப்பார்கள்.
இரண்டிலும் பொய் இல்லை.
எது முன்னால்?
நாடா பட்டென்று சுருண்டு
தன் கூட்டுக்குள் போய்விட்டது.

துணியில் தொடங்கினேன்.
விரல்தடத்தையும் எழுதினேன், இரண்டாம் வரியில்.
கீழே மல்லிகேஸ்வரி என்று
வழக்கத்தைவிட மெதுவாகக் கையெழுத்துப் போட்டேன்.

கோழிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்:
"பக்கத்துல எவ்வளவு போட்டீங்க மேடம்?"
"உங்களுக்குப் போட்டதுதான்."
திருப்தியோடு போனார்.

மற்ற வரிகளின் மை காயவில்லை.
படிவத்தை மூடாமல்
கையில் பிடித்துக்கொண்டே காருக்கு நடந்தேன்.